ஆயிர மசலாவும் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பமும்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் நமக்கு முழுமையாகக் கிடைத்திருப்பனவற்றில் காலத்தால் முந்தியது வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா ஆகும். 1572-ஆம் ஆண்டில் மதுரை மாநகரில் அரங்கேறிய நூல் அது. யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினா எழுப்ப, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அந்நூல் அமைந்துள்ளது. மசலா என்னும் அரபுச் சொல்லுக்கே கேள்வி என்பதுதான் பொருள். பின்னர் நூறு மசலா வந்தது. வெள்ளாட்டி மசலா வந்தது. வெள்ளாட்டி மசலாவில் அறிஞர் அவை நடுவே ஓர் அடிமைப் பெண் நின்று விடை கூறுகிறாள். கேட்போர் அவளைச் சோதிக்கவே கேட்கின்றனர். ஆயினும் அவள் விடையை அவளே சொல்கிறாள்; வேறொருவர் அவளுக்காகச் சொல்லவில்லை. இந்தச் சிறு நுட்பத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் பொருள் அதைச் சுற்றியே செல்கிறது.

மசலாக்களை நம் இல்லங்களில் இன்று ஓதுவார் அருகிவிட்டனர். ஆனால் வினாவும் விடையுமாக அமைந்த வேறொரு நூல் நாள்தோறும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் 300-ஆம் எண் படிவத்தையே குறிப்பிடுகிறோம். பாலிசி வேண்டுவோர் நிரப்பித் தரும் விண்ணப்பம் இது. கம்பம் பள்ளத்தாக்கில் நிலப்பத்திரமும் திருமணப் பதிவும் இருக்கும் அதே டிரங்குப் பெட்டியில்தான் காப்பீட்டுப் பத்திரமும் உறங்குகிறது. நிலப்பத்திரத்தையாவது நான்கு பேரிடம் காட்டிப் படித்துப் பார்க்கிறோம். காப்பீட்டு விண்ணப்பத்தையோ எழுதிய கையும் படித்ததில்லை, கையெழுத்திட்ட கையும் படித்ததில்லை என்ற நிலையே பெரும்பாலும் உள்ளது. ஒரு குடும்பத்தின் வாழ்வு தொங்கும் எழுத்தைத் திறனாய்வு செய்யாமல், கவிதையை மட்டும் திறனாய்ந்து என்ன பயன்?

சின்னமனூருக்கும் பத்திரத்துக்கும் பழைய உறவு உண்டு. பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மன் வழங்கிய பெரிய செப்பேடு இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. அதில் வடமொழியும் உண்டு, தமிழும் உண்டு. அரச குலத்தின் புகழை இருமொழியிலும் பாடினார்கள். கொடையின் விவரத்தைத் தமிழில் எழுதினார்கள். உழுபவனுக்குத் தெரிய வேண்டியது தன் எல்லைதான் என்பதை அக்காலத்து எழுத்தர் அறிந்திருந்தனர். காப்பீட்டில் இம்முறை தலைகீழாகிவிட்டது. புகழ்ச்சியெல்லாம் இனிய தமிழில் சுவரொட்டியாகவும் துண்டறிக்கையாகவும் வருகிறது. எல்லை, அதாவது எப்போது பணம் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்ற நிபந்தனை, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் பத்திரத்தின் உள்ளே கிடக்கிறது.

இவ்விரு மொழிகளுக்கும் இடையில் நின்று பிழைப்பவர்தான் காப்பீட்டு நிறுவனத்தின் பணியாளர். அவரைப் பற்றியே இங்கு ஆராய்கிறோம்.

245 நிறுவனங்களையும் சங்கங்களையும் அரசு தன்வசப்படுத்தி, 1956 செப்டம்பர் முதல் நாளில் தோன்றியது ஆயுள் காப்பீட்டுக் கழகம். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றியதும் அதே 1956-இல்தான். வணிகமும் வேளாண்மையும் தவிர வேறறியாத ராவுத்தர் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டம் பெறத் தொடங்கியதும், அலுவலக வேலை என்ற ஒன்று நம் வீட்டுப் பேச்சில் நுழைந்தது. வங்கி வேலை வட்டியோடு நேரே தொடர்புடையது எனத் தயங்கியவர்கள் கூட, காப்பீட்டு வேலை அவ்வளவு வெளிப்படையாக உறுத்தவில்லை என்று எண்ணிச் சேர்ந்தனர். இன்று பெண்மக்களும் முகவர்களாக இருக்கின்றனர்.

இவ்வேலையில் இரு வகையினர் உண்டு. கிளை அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெறும் உதவியாளரும் அதிகாரிகளும் ஒரு வகை. ஊர் ஊராகச் சென்று கமிஷனில் வாழும் முகவர்கள் மற்றொரு வகை. இவ்விருவர்க்கும் நடுவே, முகவர்களைத் திரட்டி வேலை வாங்கும் வளர்ச்சி அதிகாரி இருக்கிறார். அவர் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை.

முகவரின் தொழில் உறவில் தொடங்குகிறது. முதல் பாலிசி தாய்மாமனிடம், இரண்டாவது சின்னத்தாவிடம், மூன்றாவது பள்ளித் தோழனிடம். உறவு தீர்ந்த பிறகே ஊர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லையும் வாழையையும் பன்னீர்த் திராட்சையையும் நம்பி வாழும் ஊரில், தவணை கட்டும் பணம் அறுவடைக்குப் பிறகே கையில் புரளும். திராட்சை விலை விழுந்த ஆண்டில் பாலிசிகளும் விழும். மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிச் செல்லும் கூலிப்பெண்ணின் தவணையோ வாரக்கூலியிலிருந்து வர வேண்டும். தொடக்க ஆண்டுகளிலேயே பாலிசி நின்றுபோனால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும். ஆனால் முகவருக்கு மிகுதியான கமிஷன் கிடைப்பதும் அந்த முதலாண்டில்தான். பின்வரும் ஆண்டுகளில் அது மிகவும் குறைந்துவிடும். பாலிசியைத் தொடங்கிவைப்பவருக்கு நிறைய, காப்பாற்றிக்கொடுப்பவருக்குக் குறைய என்று அமைந்த ஊதிய முறையின் குற்றத்தை, ஊதியம் வாங்கும் எளியவரின் குணக்குற்றமாகப் பேசுவது நீதியன்று. தம் கமிஷனிலிருந்து ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கே தள்ளிக் கொடுத்துப் பாலிசி பிடிக்கும் பழக்கமும் உண்டு. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. சட்டம் தடுப்பதை மார்ச் மாதம் அவிழ்த்துவிடுகிறது என்று முகவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

இத்தொழிலின் மொழி முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம்: “நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க மாமு, மத்ததை நான் பாத்துக்கிறேன்.” எவ்வளவு அன்பான வாக்கியம்! உறவின் குழைவு அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த ‘மற்றது’ என்ன? கடந்த ஆண்டுகளில் மருத்துவரிடம் சென்றதுண்டா? நீரிழிவு உண்டா? இரத்தக் கொதிப்பு உண்டா? பெற்றோர் என்ன வயதில், எந்நோயால் மறைந்தனர்? வேறு பாலிசி உண்டா? இவ்வளவும் அந்த ‘மற்றது’க்குள் அடங்கும். மேலிருந்து கீழாக ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று எழுதிக்கொண்டு போகிறது முகவரின் பேனா. வெள்ளாட்டி மசலாவின் அடிமைப் பெண்ணுக்கு இருந்த உரிமை நம் மாமுவுக்கு இல்லாமற் போகிறது. அவர் விடையை வேறொருவர் சொல்லிவிட்டார்.

இதன் விளைவு அன்றே தெரிவதில்லை. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு முன்னர் இரண்டாண்டு என்றும், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மூன்றாண்டு என்றும் ஒரு காலக்கெடு விதிக்கிறது. அக்கெடு கடந்துவிட்டால் விண்ணப்பத்தில் இருந்த விடை பொய் என்று கூறிப் பாலிசியை நிறுவனம் மறுக்க இயலாது. கெடுவுக்குள் மரணம் நேர்ந்தால் விசாரணை உண்டு. அப்போது 300-ஆம் எண் படிவம் மீண்டும் வெளியே எடுக்கப்படுகிறது. கணவனை அடக்கம் செய்துவிட்டு இத்தா இருக்கும் பெண்ணின் வாசலுக்கு ஓர் அதிகாரி வருகிறார். எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு, என்ன மருந்து என்று கேட்கிறார். திரைக்குப் பின்னிருந்து அவள் உண்மையைச் சொல்கிறாள். அவள் சொல்லும் உண்மையே விண்ணப்பத்தின் ‘இல்லை’களுக்கு எதிர்ச்சாட்சியாகிவிடுகிறது. இறப்புக் கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை தடையின்றி வழங்கப்படுகின்றன என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். இல்லையேல் நாமும் நேர்மையற்ற எழுத்தராவோம். ஆயினும் மறுக்கப்படும் சிலவற்றின் வேர் பெரும்பாலும் அந்த ஒற்றை வாக்கியத்தில்தான் இருக்கிறது. கையெழுத்திட்டவர் படித்தே கையெழுத்திட்டார் என்று சட்டம் கொள்கிறது. விண்ணப்பதாரருக்கு அவர் மொழியில் வாசித்து விளக்கப்பட்டது என்று வேறொருவர் உறுதிமொழி எழுதித் தர அப்படிவத்திலேயே இடம் இருக்கிறது. படிவத்தில் மிக நல்ல பகுதி அதுதான். அதையும் அந்தப் பேனாவே நிரப்பிவிடுகிறது.

சொல்லாராய்ச்சி ஒன்றை இங்கே செய்தாக வேண்டும். அரபு படித்தவர்க்கு இது கண்ணில் உறுத்தும். பாலிசிப் பணத்தைப் பெற நியமிக்கப்படுபவரை ஆங்கிலத்தில் நாமினி என்கின்றனர். அலுவலகத் தமிழில் அவரை நியமனதாரர் என்று எழுதுவோர் உண்டு. வாய்ப்பேச்சில் அவர் ‘வாரிசு’ ஆகிவிடுகிறார். “வாரிசு பேர் யாரைப் போடட்டும்?” என்றே முகவர் கேட்கிறார். வாரிசு நம் சொல். ‘வாரித்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். நம் மார்க்கத்தில் வாரிசை மனிதன் நியமிப்பதில்லை, அல்லாஹ் நியமித்திருக்கிறான். தாய்க்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று பங்குகள் திருமறையிலேயே வகுக்கப்பட்டுள்ளன. நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பிக்கும் கைதான், உரிமையாளர் அல்லர் என்று 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பாகப்பிரிவினைக்கு இடம் விட்டிருந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தமோ, நாமினியாக இருப்பவர் பெற்றோர், வாழ்க்கைத்துணை, மக்கள் ஆகியோருள் ஒருவராயின் பணம் அவருக்கே உரிமையாகும் என்கிறது. ஆகவே ‘வாரிசு’ என்ற கட்டத்தில் மனைவியின் பெயரை மட்டும் எழுதிய ஒருவர், தம் வயதான தாயின் பங்கைத் தம்மையறியாமலே அழித்துவிடக் கூடும். ஒரு தவறான மொழிபெயர்ப்பு பராயிளு சட்டத்தையே மறைக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரியும் முஸ்லிம் ஒருவர் வேறெதுவும் செய்யாவிட்டாலும், இக்கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோர் பெயரைப் பங்கு குறித்து எழுத வழியுண்டு என்பதை எடுத்துச் சொல்லலாமே!

அனாமத்து என்பதும் இத்தகைய சொல்தான். அமானத் என்ற தூய அரபுச் சொல் நம் கணக்குப் புத்தகத்தில் அனாமத்து ஆகி, பின் ‘கேட்பாரற்றது’ என்று பொருள் திரிந்துவிட்டது. நம்பி ஒப்படைத்த பொருளுக்கு வழங்கிய சொல், ஆளில்லாப் பொருளுக்கு வழங்கத் தொடங்கியது எப்போது என்று அகராதி எழுதுவோர் ஆராயட்டும். உரியவர் பத்து ஆண்டுகளாகியும் கேட்டு வராத காப்பீட்டுத் தொகைகள் இன்று முதியோர் நலநிதிக்குச் சென்றுவிடுகின்றன.

நிற்க. இவ்வேலை ஆகுமா, ஆகாதா என்ற மசலாவுக்கு வருவோம். ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன், ஹிஜ்ரி 1252-இல், அதாவது 1836-இல், மறைந்தவர். கப்பல் சரக்குக்கு வணிகர்கள் செய்துகொண்ட காப்பீட்டைத் தம் ரத்துல் முஹ்தாரில் எடுத்தாராய்ந்து, அழிந்த சரக்குக்கு ஈடு வாங்குவது வணிகருக்கு ஆகாது என்று எழுதினார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியும் வணிகமுறைக் காப்பீட்டை விலக்கி, கூட்டுறவு முறைக் காப்பீட்டை ஏற்றது. சூடானில் 1979-லேயே அத்தகைய நிறுவனம் தோன்றிவிட்டது. மலேசியா 1984-இல் தக்காஃபுலுக்கெனச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் லக்னோ நத்வத்துல் உலமாவின் ஆய்வு மன்றம் 1965-இல், இந்திய முஸ்லிம்களின் நெருக்கடியைக் கருதி, நிர்ப்பந்த நிலையில் இடம் உண்டு என்றது. மறுத்தவர்களும் இருக்கின்றனர். தீர்ப்புக் கூறுவது முஃப்திகளின் பணி. அதில் நாம் தலையிடவில்லை.

ஆனால் பணியாளரைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரு நபிமொழியோடு முடிக்கப்பட்டுவிடுகிறது. வட்டி உண்பவரையும் கொடுப்பவரையும் அதை எழுதுபவரையும் அதன் சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது முஸ்லிமில் பதிவான ஸஹீஹான ஹதீஸ். இதை மெலிதாக்கிக் கூற நமக்கு உரிமை இல்லை. அஞ்சி வேலையை விடுபவரின் ஈமானுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும், விடாதவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது போல நம் மேடைகள் மௌனமாகிவிடுவது ஏன்? இளைஞனை “வேலையை விடு” என்று சொல்லும் ஜமாஅத், இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் பைத்துல்மாலிலிருந்து மாதம் என்ன அனுப்புகிறது என்பதையும் அதே மிம்பரில் அறிவிக்கலாம்.

எழுதுபவனைப் பற்றித் திருமறையின் மிக நீண்ட வசனம் பேசுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அது பணிக்கிறது. எழுத்தன் நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கலாகாது, பொறுப்பு எவர்மீதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சொல்ல இயலாதவராயின் அவருடைய காப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்று முறைப்படுத்துகிறது. மாமுவின் விண்ணப்பத்துக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுமா? விடையை அவர் சொல்ல வேண்டும். முகவர் எழுத வேண்டும். முகவர் தாமே சொல்லித் தாமே எழுதுவது இவ்வசனத்தின் வரிசையைக் குலைப்பதாகும்.

அவ்வசனத்தின் இறுதிப் பகுதியில் எழுத்தனையும் சாட்சியையும் பற்றி ‘யுளார்ர’ என்றொரு வினைச்சொல் வருகிறது. ‘ர’ இரட்டித்திருப்பதால் அதன் மூலவடிவம் யுளாரிர் என்றும் கொள்ளலாம், யுளாரர் என்றும் கொள்ளலாம். முன்னதாயின், எழுத்தன் தீங்கு செய்யலாகாது என்பது பொருள். பின்னதாயின், எழுத்தனுக்குத் தீங்கு செய்யப்படலாகாது என்பது பொருள். விரிவுரையாளர்கள் இரண்டையும் எடுத்துரைத்துள்ளனர். நம் சமுதாயம் முதற்பொருளை மட்டும் ஓதி, இரண்டாவதை மறந்துவிட்டது என்பதே நம் குறை.

எழுத்தனை எவ்வாறெல்லாம் துன்புறுத்தலாம் என்பதற்குக் காப்பீட்டுக் கழகத்தின் வரலாறே சான்று தருகிறது. 1957-இல் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு கம்பெனிகளில் கழகத்தின் பணம் ஒரு கோடியே 24 லட்சம் ரூபாய் அளவில் முதலீடு செய்யப்பட்டது. பாலிசிதாரர்களின் பணம் அது. பிரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் வினா எழுப்பினார். நீதிபதி எம். சி. சாக்ளா 1958-இல் பொதுமக்கள் கேட்க, ஒலிபெருக்கி வைத்து விசாரித்தார். விசாரணை முழுவதும் சுழன்றது ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: எழுதியவர்கள் கழகத்து அதிகாரிகள்; எழுதச் சொன்னவர் யார்? செயலாளர் அமைச்சரைக் காட்டினார்; அமைச்சர் தாம் சொல்லவில்லை என்றார். பொறுப்பு அமைச்சருடையதே என்று சாக்ளா முடிவுகூற, நம் தமிழகத்தவரான நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். வாசகம் சொல்பவனைத் திருமறை ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறது என்பது இவ்விடத்தில் விளங்கும்.

எழுத்தன் மனச்சான்றோடு எழுதியதற்கும் உலக இலக்கியத்தில் சான்று உண்டு. பிராகு நகரத்து எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்தார். மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுர உருளை தொழிலாளியின் விரல்களை எவ்வாறு வெட்டுகிறது, வட்ட உருளை எவ்வாறு காக்கிறது என்று படம் போட்டு அவர் எழுதிய அறிக்கை இன்றும் கிடைக்கிறது. அவர் கதைகளைப் புகழ்வோர் இந்த அறிக்கையைப் படிப்பதில்லை. நமக்கோ, கதைகளைவிட அறிக்கையே ஒரு படி உயர்ந்ததாகத் தோன்றுகிறது. நம் எழுத்தாளர்கள் கடலோடியையும் வணிகரையும் நெசவாளியையும் பாடினர். படிவத்தின் முன் குனிந்திருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

இறுதியாக, எழுத்தனுக்கே ஒரு விண்ணப்பம் நீட்டப்பட்ட கதையைக் கூறுகிறோம். கழகத்தில் உதவியாளராகத் தேர்வான நீரா மாத்தூர் என்ற பெண்மணி, 1989-இல் பணியில் சேரும் முன் ஓர் உறுதிமொழிப் படிவம் நிரப்பினார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எந்நாளில் வந்தது, எத்தனை முறை கருவுற்றார் என்றெல்லாம் அப்படிவம் கேட்டது. பின்னர் அவர் மகப்பேறு விடுப்பில் சென்றார், குழந்தை பிறந்தது. அந்நாளைப் பற்றிப் பொய் எழுதினார் என்று கூறி, தகுதிகாண் பருவத்திலேயே அவரைப் பணிநீக்கம் செய்தனர். ஊராரின் விண்ணப்பங்களில் ‘மறைப்பு’ தேடும் அதே கண் தன் ஊழியரின் கருப்பைக்குள்ளும் தேடியது. நாணம் ஈமானின் ஒரு கிளை என்று நம்பும் நாம், எந்த மதத்துப் பெண்ணிடமும் இவ்வினாவைக் கேட்பதைப் பொறுக்க இயலாது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. இவ்வினாக்கள் பெண்ணின் தன்மானத்தை நோகச் செய்பவை என்று 1991-இல் நீதிபதிகள் கூறினர். அவரை மீண்டும் பணியில் அமர்த்தும்படி ஆணையிட்டனர். அக்கட்டங்களைப் படிவத்திலிருந்தே நீக்கிவிடுமாறும் கழகத்துக்கு அறிவுறுத்தினர்.